சுண்ணாம்பு டப்பாவும் மோல் கணக்கும்: கெமிஸ்ட்ரி டீச்சர் பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு, எல்லார் லெட்டர்லயும் ஒரே புலம்பல், "டீச்சர் எவ்ளோ மனப்பாடம் பண்ணாலும் நிக்க மாட்டேங்குது"ன்னு. நான் காரைக்குடி பக்கம் 31 வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவ, எனக்குத் தெரிஞ்சு ஃபார்முலாவ மொதல்ல உருப்போட்டுட்டு பொருள அப்புறம் பாக்குற பிள்ளைக்கு அது நிக்கவே நிக்காது. பொருள மொதல்ல கையில எடுத்துப் பாரு, அப்புறம் ஃபார்முலாவுக்குப் போ. அதனால இந்தத் தடவ பதில் எல்லாம் நம்ம வீட்டு சாமான், நம்ம சுவரு, நம்ம அடுப்படியில இருந்தே சொல்றேன். ஃபார்முலாவ வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், நோட்டுல எழுதறப்ப இங்கிலீஷ் எழுத்துலயே எழுதிக்கோங்க.

கேள்வி: சோடியத்துக்கு எஸ்ஓ-ன்னு வைக்காம என்ஏ-ன்னு ஏன் வச்சாங்க? இரும்புக்கு எஃப்இ, ஈயத்துக்கு பிபி, டின்னுக்கு எஸ்என்... ஒண்ணுக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லயே டீச்சர்?
— 10-ஆம் வகுப்பு மாணவி, தேவகோட்டை

பதில்: சம்பந்தம் இருக்குமா, ஆனா இங்கிலீஷ் பேரோட இல்ல, லத்தீன் பேரோட. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பெர்சீலியஸ் 1813, 14 வாக்குல இந்த எழுத்து முறையக் கொண்டு வந்தாரு, அதுக்கு முன்னால டால்டன் வட்டம் போட்டு உள்ள புள்ளி கோடுன்னு படமா வரைஞ்சுட்டு இருந்தாரு. எல்லா நாட்டுக்காரங்களுக்கும் பொதுவா இருக்கணும்னு பெர்சீலியஸ் லத்தீன் பேர எடுத்துக்கிட்டாரு. சோடியம் நேட்ரியம், பொட்டாசியம் காலியம், இரும்பு ஃபெர்ரம், செம்பு குப்ரம், வெள்ளி அர்ஜென்டம், தங்கம் ஆரம், ஈயம் ப்ளம்பம், டின் ஸ்டான்னம், பாதரசம் ஹைட்ரார்ஜிரம், ஆண்டிமனி ஸ்டிபியம். டங்ஸ்டனுக்கு மட்டும் ஜெர்மன் பேரு, வுல்ஃப்ராம், அதான் டபிள்யூ. மொத்தமே இந்த 11-தான் படுத்தும், 118 தனிமத்துல மிச்சது எல்லாம் இங்கிலீஷ் பேர ஒட்டித்தான் வரும். ப்ளம்பம்னா ஈயம்ல, அந்தக் காலத்துல தண்ணிக் குழாயெல்லாம் ஈயத்துலதான் பண்ணாங்க, அதுல வந்ததுதான் நாம கூப்புடுற ப்ளம்பர். இத ஒரு தடவ கேட்டா பிபி மறக்குமா?

நீ ஈயம், டின் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்கிறதால இன்னொன்னு சொல்லியே ஆகணும். நம்ம பக்கத்துல அப்பத்தா காலத்து ஈயச்சொம்பு இல்லாத வீடு இருக்காது, ரசம் அதுல வச்சாதான் ரசம்னு சொல்லுவாங்க. அந்த ஈயம் பிபி கிடையாது, வெள்ளீயம், அதாவது டின், எஸ்என். பேச்சுல ரெண்டையும் ஈயம்னே சொல்லிப் பழகிட்டோம். பிபி-ங்கிற காரீயம் விஷம், புளிப்புல கரைஞ்சு உடம்புக்குள்ள போயிட்டா குழந்தைங்க மூளையவே கெடுக்கும், வெள்ளீயத்துல அந்தப் பயம் இல்ல. அதனால ஈயச்சொம்பு புதுசா வாங்கறவங்க காரீயம் கலக்காததுன்னு நல்லா விசாரிச்சு, முடிஞ்சா டெஸ்ட் பண்ணிப் பாத்து வாங்குங்க, வெல கம்மியா இருக்குன்னு வாங்காதீங்க.

அப்பத்தா "சொம்ப வெறுசா அடுப்புல வைக்காத"ன்னு அதட்டுவாங்கள்ல, அதுவும் கெமிஸ்ட்ரிதான். வெள்ளீயம் உருகறது 232 டிகிரி செல்சியஸ்ல, ரசம் உள்ள இருக்கிற வரைக்கும் சொம்பு 100 டிகிரிய ஒட்டித்தான் நிக்கும், சூடெல்லாம் தண்ணி ஆவியாகறதுக்குப் போயிடும், தண்ணி வத்திச்சுன்னா சூடு போக வழியில்லாம அடி ஒழுகிடும். காரீயம் 327-ல உருகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் தெருவுல வந்தா நின்னு பாரு, பாத்திரத்த நல்லா காய வச்சு ஒரு வெள்ளப் பொடியத் தூவுவாரு, குப்புன்னு வெள்ளப் பொக வரும், அதுதான் நவச்சாரம், அமோனியம் குளோரைடு, என்ஹெச்4சிஎல். சூட்டுல அது அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமா பிரியும், அந்த ஹைட்ரஜன் குளோரைடு பாத்திரத்து மேல இருக்கிற ஆக்சைடக் கரைச்சு எடுத்துடும், சுத்தமான உலோகம் தெரிஞ்ச எடத்துலதான் ஈயம் வழுக்கிட்டுப் போயி ஒட்டும், அவர் பஞ்ச வச்சு ஒரே இழுப்பு இழுக்கறப்ப பழுப்பா இருந்தது பளிச்சுன்னு வெள்ளியா மாறும் பாரு, நாலு தடவ படிக்கிறது அந்த ஒரு தடவ பாக்குறதுக்கு ஈடாகாது. பொகைக்கு நேரா மட்டும் நிக்காத.

கேள்வி: சுண்ணாம்புக்கல், சுட்ட சுண்ணாம்பு, நீர்த்த சுண்ணாம்பு மூணும் குழம்புது. எங்க ஐயா வீட்டுச் சுவரு கண்ணாடி மாதிரி இருக்கும், அதுல எந்தச் சுண்ணாம்பு?
— 11-ஆம் வகுப்பு மாணவன், பள்ளத்தூர்

பதில்: தம்பி, உன் கேள்விக்குப் பதில் உங்க ஐயா வெத்தலப் பெட்டியிலயே இருக்கு. சுண்ணாம்பு டப்பாவத் தெறந்து பாரு. நடுவுல இருக்கிறது வெண்ணெய் மாதிரி வழவழன்னு இருக்கும், மூடியோட ஓரத்துல ஒட்டிக் காஞ்சத நகத்தால சுரண்டிப் பாரு, நறநறன்னு கல்லா இருக்கும். தண்ணி வத்திப் போனதாலதான் இறுகிடுச்சுன்னு நெனப்ப, தண்ணி விட்டுக் கொழைச்சுப் பாரு, திரும்ப வெண்ணெயா ஆகாது. ஏன்னா அது இப்ப வேற பொருள். நடுவுல இருந்தது நீர்த்த சுண்ணாம்பு, ஓரத்துல இருக்கிறது சுண்ணாம்புக்கல். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி அது கல்லாவே மாறிடுச்சு.

இப்ப மொதல்ல இருந்து வரிசையா பாப்போம். கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ ரெண்டுமே கால்சியம் கார்பனேட்டு, சிஏசிஓ3. காளவாசல்ல போட்டு 900 டிகிரி வாக்குல சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், மிஞ்சறது சுட்ட சுண்ணாம்பு, சிஏஓ. கல்லோட உருவம் அப்படியேதான் இருக்கும், கையில எடுத்தா எடை மட்டும் கொறஞ்சிருக்கும். இதத் தொட்டியில போட்டுத் தண்ணி விட்டா நீத்துப் போகும், புஸ்ஸுன்னு சத்தம் வரும், கட்டி வெடிச்சு விரியும், தண்ணி கொதிக்கும். அடுப்பு கெடையாது நெருப்பு கெடையாது, எங்க இருந்து வந்துச்சு அந்தச் சூடு? காளவாசல்ல விறகெரிச்சு உள்ள ஏத்துன சூடுல ஒரு பங்குதான் இங்க திரும்பி வருது. இதத்தான் எக்ஸோதெர்மிக்னு புக்குல வெப்ப உமிழ் வினைன்னு போட்டிருக்கு. இப்ப கெடைச்சது நீர்த்த சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு, சிஏ அடைப்புக்குறிக்குள்ள ஓஹெச், வெளிய 2. கண்ணுல தெறிச்சா பார்வையே போற அளவுக்குக் காரம், அதனால நீத்துற எடத்துக்குப் பக்கத்துல போயி எட்டிப் பாக்காத, தள்ளி நின்னு பாரு.

இத அரைச்சுச் சுவத்துல பூசினா மெது மெதுவா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைட எடுத்துக்கிட்டு திரும்பவும் சிஏசிஓ3 ஆயிடும். கல்லாப் பொறந்து, சூளையில வெந்து, தண்ணியில கொதிச்சு, கடைசில சுவத்துல மறுபடியும் கல்லு, ஒரு சுத்து சுத்தி வந்துடுச்சு. மூணு பேரையும் தனித்தனியா படிச்சா குழம்பத்தான் செய்யும், இந்தச் சுத்த ஒரு வட்டமா நோட்டுல வரைஞ்சு வச்சுக்க, மூணு சமன்பாடும் தானா வரும்.

கண்ணாடி மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் நம்ம கொத்தனாருங்க கைவேலை. நல்லா சலிச்ச சுண்ணாம்ப மை மாதிரி அரைச்சு, கடைசிப் பூச்சுல முட்ட வெள்ளைக்கரு சேத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய விட்டு, பூசுன மேல கல்ல வச்சுத் தேச்சுத் தேச்சு மெருகேத்துவாங்க. வெல்லத்துல இருக்கிற சர்க்கரை சேந்தா சுண்ணாம்பு வெறும் தண்ணியில கரையிறத விட நெறைய கரையும், கடுக்காயில இருக்கிறது டானின், வெள்ளைக்கருவுல இருக்கிறது புரோட்டீன். பிளாஸ்டிக் பெயிண்ட்டு அடிச்ச சுவரு பத்து வருஷத்துல உரியுது, கானாடுகாத்தான்ல போயி முகப்புத் தூண தடவிப் பாரு, நூறு வருஷத்துக்குப் பின்னாடியும் வழவழன்னு இருக்கு. அந்தச் சுவத்து மேல பெயிண்ட்டு அடிக்கணும்னு வீட்டுல யாராச்சும் சொன்னா தயவு செஞ்சு தடுத்துடு தம்பி, ஒரு தடவ அடிச்சிட்டா அந்தப் பழைய பளபளப்பத் திருப்பிக் கொண்டு வர்றது பெரும்பாடு.

கேள்வி: மோல்னா என்ன டீச்சர்? டெஃபனிஷன் தெரியும், கணக்கும் ஃபார்முலா போட்டு வந்துடும், ஆனா என்னன்னு புரியல.
— 11-ஆம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: புரியலன்னு தெரியுது பாரு, அதுவே நல்ல விஷயம்மா, நெறைய பேருக்கு அதுவே தெரியாது. நெல்ல யாரும் மணி மணியா எண்ணி விக்கிறதில்ல, மரக்கால்ல அளந்தோ தராசுல நிறுத்தோ விக்கிறோம். அணுவும் அப்படித்தான், எண்ண முடியாது, நிறுக்கத்தான் முடியும். ஆனா வினை நடக்கிறது எடைக்கு எடை இல்ல, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை. ஒரு சிஏஓவுக்கு ஒரு ஹெச்2ஓ, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். எண்ணிக்கையில நடக்கிறத எடையில புடிக்கணும், அதுக்கு நடுவுல இருக்கிற பாலம்தான் மோல். 6.022 பெருக்கல் பத்தோட 23-ஆவது அடுக்கு, இவ்ளோ எண்ணிக்கை சேந்தா ஒரு மோல். 2019 மே 20-ல இருந்து இந்த எண்ண 6.02214076-ன்னு உறுதியா நிர்ணயிச்சுட்டாங்க, முன்னால 12 கிராம் கார்பன வச்சுச் சொல்லிட்டு இருந்தோம், பழைய கைடுல அதுதான் இருக்கும், குழம்பிக்காத. அவகாட்ரோ எண்ணுன்னு பேரு இருந்தாலும் அவகாட்ரோ அந்த எண்ணக் கண்டுபிடிக்கல, அவர் 1856-லயே காலமாயிட்டாரு, 1909-ல பெரின்ங்கிற ஃபிரெஞ்சு விஞ்ஞானிதான் அவருக்கு மரியாதையா அந்தப் பேர வச்சாரு.

இப்ப மேல பள்ளத்தூர்த் தம்பிக்குச் சொன்ன சுண்ணாம்பயே எடுத்துக்க. சிஏசிஓ3 ஒரு மோல் 100 கிராம். சுட்டா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு போயிடும், 56 கிராம் சிஏஓ மிஞ்சும், அதான் கல்லு லேசாச்சுன்னு சொன்னேன். அந்த 56 கிராமுக்கு 18 கிராம் தண்ணி விட்டா 74 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. அது காத்துல இருந்து 44 கிராம் எடுத்து 18 கிராம் தண்ணிய விட்டுட்டு திரும்பவும் 100 கிராம். கணக்கு கச்சிதமா முடியுது பாத்தியா, ஒரு கிராம் கூட எங்கயும் ஓடிப் போகல.

இன்னும் கொஞ்சம் பெருசா போட்டுப் பாப்போம். ஒரு மூட்டை, 50 கிலோ சுட்ட சுண்ணாம்பு. நீத்துறதுக்கு எவ்ளோ தண்ணி வேணும்? 50-அ 56-ஆல வகுத்து 18-ஆல பெருக்கு, சுமாரா 16 கிலோ, அதாவது 16 லிட்டர். ஆனா கொத்தனார் 16 லிட்டரோட நிறுத்த மாட்டாரு, அதுக்கு மேல நெறைய ஊத்துவாரு, அவருக்கு மோல் தெரியாததால இல்ல, சூட்டுல பாதித் தண்ணி ஆவியாப் போயிடும்னும், பூசறதுக்குக் குழம்பு மாதிரி வேணும்னும் அவருக்குத் தெரியும். நம்ம 16 லிட்டர் வினைக்குள்ள போற தண்ணிக் கணக்கு, இது ரெண்டும் வேற வேற. சரி, அந்த மூட்டை சுண்ணாம்பு முழுக்கச் சுவத்துல கல்லா மாறினா? 50-அ 56-ஆல வகுத்து 100-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 89 கிலோ. மூட்டையில 50 கிலோ, சுவத்துல 89 கிலோ, அந்த 39 கிலோ முழுக்க காத்துல இருந்து வந்தது! இந்த எடத்துலதான் எனக்கு மோல் புரிஞ்சுச்சு, காலேஜ்ல படிக்கிறப்ப இல்ல, வேலைக்குச் சேந்து மூணாவது வருஷம் பிள்ளைங்களுக்குப் போர்டுல இதப் போட்டுக் காமிக்கிறப்ப.

வீட்டுல தராசு இருந்தா 18 கிராம் தண்ணி, 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சர்க்கரை மூணையும் நிறுத்து மூணு கிண்ணத்துல வரிசையா வை. மூணும் ஒவ்வொரு மோல்தான், ஒண்ணு ரெண்டு வாய்த் தண்ணி, ஒண்ணு ஒரு கையளவு உப்பு, ஒண்ணு ஒரு வாரக் காப்பிக்குக் காணும்.

கேள்வி: எங்க வீட்டு வளவுல ஆத்தங்குடி கல்லு போட்டிருக்கோம். கறை போகட்டும்னு வேலைக்கு வந்தவங்க பாத்ரூம் ஆசிட்ட ஊத்திட்டாங்க, பொங்கி வந்து எடம் சொரசொரன்னு ஆயிடுச்சு. என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, ஆசிட் காரையத் தின்னும்னு சொல்றா. சரி பண்ண முடியுமா?
— ஒரு அம்மா, கோனாபட்டு

பதில்: பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா ஆச்சி. ஆத்தங்குடி கல்லு சூளையில சுடுற ஓடு இல்ல, கண்ணாடி மேல கலர் சிமெண்ட்ட ஊத்தி, பின்னால மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டே இறுக வைக்கிறது. சிமெண்ட்டு காயிறதால இறுகறதில்ல, தண்ணியோட வினை புரிஞ்சுதான் இறுகுது, அதனாலதான் தண்ணியில போடறாங்க. மேல இருக்கிற பளபளப்பு அந்தக் கண்ணாடிப் பரப்போட அச்சு, மெழுகோ வார்னிஷோ கெடையாது. பாத்ரூம் ஆசிட்டு ஹைட்ரோகுளோரிக், சிமெண்ட்டுல இருக்கிற சுண்ணாம்புச் சத்தக் கரைச்சு எடுத்துடும், பொங்குனது கார்பன் டை ஆக்சைடு. கரைஞ்சு போனத திரும்ப ஒட்ட வைக்க முடியாது, அந்தப் பொட்டு எடத்த மட்டும் தெரிஞ்ச ஆள விட்டு மெருகு போடச் சொல்லுங்க, இல்லேன்னா அந்தக் கல்ல மட்டும் மாத்துங்க. செவப்புக் கலரு இரும்பு ஆக்சைடு, அதனால மங்கினாலும் கலரு ஓரளவு நிக்கும். இனிமே வெறும் தண்ணி, எப்பவாவது தேங்காயெண்ணெய தொட்டுத் தொடைங்க, அது போதும். பட்டாலையில, அதாவது கூடத்துல, இத்தாலி மார்பிள் இருந்தா அதுக்கும் இதே கதிதான், மார்பிளும் சிஏசிஓ3, எலுமிச்சம்பழத்த அது மேல வச்சு நறுக்கினாக் கூட தடம் விழுந்துடும்.

இதோட ஒண்ணு, இத வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க. ஆசிட் ஊத்துன எடத்துல கறை போகலன்னு மேல ப்ளீச்சிங் பவுடர் தூவறாங்க, ஐயோ அதச் செய்யவே கூடாது. ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், 1915-ல முதல் உலகப் போர்ல ஈப்ரெஸ்ங்கிற ஊர்ல படைங்க மேல விட்ட அதே வாயு. கதவச் சாத்துன சின்ன பாத்ரூம்ல அது நுரையீரல ஒரு மூச்சுலயே எரிச்சுடும். தப்பித் தவறி நடந்துட்டா எதையும் கழுவிட்டு இருக்காம மொதல்ல வெளிய ஓடி வந்து நல்ல காத்துல நிக்கணும், மூச்சு இழுத்தா உடனே ஆஸ்பத்திரி. பாத்ரூம் ஆசிட்டு, ப்ளீச்சிங் ரெண்டையும் ஒரே அலமாரியில வைக்காதீங்க.

கேள்வி: ஆலம் சுத்தறதுக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவப்பா ஆகுதே, அது எப்படி?
— 9-ஆம் வகுப்பு மாணவி, புதுவயல்

பதில்: மஞ்சள்ல இருக்கிற குர்குமின் ஒரு இண்டிகேட்டர், நிறங்காட்டி. அமிலத்துலயும் நடுநிலையிலயும் மஞ்சளா இருக்கும், பிஹெச், அதாவது அமிலமா காரமான்னு காட்டுற எண்ணு, ஏழரை வாக்குல தாண்டிச்சுன்னா செவக்க ஆரம்பிக்கும். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணிக்கு பிஹெச் 12-க்கு மேல, கேக்கணுமா. வெள்ளச் சட்டையில சாம்பார் கொட்டி அம்மா சோப்பு போட்டதும் திடீர்னு செவந்து பதறுவாங்கள்ல, அதுவும் இதுதான், சோப்பு காரம், நல்லா அலசினா திரும்ப மஞ்சளாயிடும், அப்புறம் வெயில்ல போட்டா வெளுத்துடும்.

வீட்டுலயே பண்ணிப் பாரு. ஆலத்தண்ணி கொஞ்சம் ஒரு வெள்ளக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு எலுமிச்சச்சாறு சொட்டுச் சொட்டா விடு. விழுந்த எடத்துல மஞ்சளாப் பூக்கும், கலக்குனதும் திரும்ப செவப்பாவே ஆகும், ஒரு கட்டத்துல ஒரே ஒரு சொட்டு, மொத்தக் கிண்ணமும் மஞ்சளாயிடும். அந்த ஒரு சொட்டுதான் எண்ட் பாயிண்ட்டு, நாளைக்கு ப்ளஸ் டூ லேப்ல பியூரெட்டு வச்சு நீ டைட்ரேஷன் பண்ணப் போறது இதேதான், அங்க பேரு மட்டும்தான் பெருசு. பிஹெச்ல ஒரு எண்ணு மாறினா 10 மடங்கு வித்தியாசம், இத மறந்துடாத, 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் ரெண்டு இல்ல, 100 மடங்கு. இந்த அளவுகோல 1909-ல டென்மார்க்ல ஸோரன்ஸன்ங்கிறவரு கொண்டு வந்தாரு.

கேள்வி: வேலன்சி டேபிள் முழுசா மனப்பாடம் பண்ணனுமா?
— 9-ஆம் வகுப்பு மாணவன், கண்டனூர்

பதில்: வேண்டாம்ப்பா. ஒரு இருபது அயனிக்கு, அதாவது மின்சுமை ஏறின அணுவுக்கோ அணுக் கூட்டத்துக்கோ, ப்ளஸ் எத்தன மைனஸ் எத்தனன்னு தெரிஞ்சா போதும், மிச்சம் சமப்படுத்தறதுதான். ஊரணித் தண்ணியத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவாங்கள்ல, அத எடுத்துக்க, பொட்டாசியம் ப்ளஸ் 1, அலுமினியம் ப்ளஸ் 3, கூட்டினா 4, சல்ஃபேட்டு ஒண்ணுக்கு மைனஸ் 2, அப்ப ரெண்டு சல்ஃபேட்டு வேணும், கணக்கு தீந்துச்சு. அதோட 12 தண்ணி மூலக்கூறும் ஒட்டிட்டு இருக்கும், 474 கிராம் படிகாரத்துல 216 கிராம் தண்ணிதான், கையில புடிச்சா காஞ்ச கல்லு! ஒரு சின்னத் துண்டக் கரண்டியில வச்சுப் பெரியவங்க யாரையாச்சும் பக்கத்துல வச்சுக்கிட்டு அடுப்புத் தீயில காட்டிப் பாரு, உருகி, கொதிச்சு, பொரி மாதிரி உப்பி வரும், அந்தத் தண்ணி போறதத்தான் பாக்குற. நாட்டு மருந்துக் கடையில பொரிச்ச படிகாரம்னு விக்கிறது இதத்தான்.

கேள்வி: எங்க அப்பா கவரிங் நகைப் பட்டறையில வேலை பாக்குறாங்க. எனக்கு அதுலயே மேல படிக்க ஆசை, ஆனா வெளியூர் அனுப்ப மாட்டாங்க. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி பாடம் வேற கஷ்டமா இருக்கு.
— 12-ஆம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: உன் லெட்டரப் படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். வெளியூர் எதுக்குக் கண்ணு, நீ இருக்கிற ஊர்லயே சிக்ரி இருக்கு, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்தாரு, 1948 ஜூலை 25-ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, 1953 ஜனவரி 14, பொங்கலன்னைக்கு ராதாகிருஷ்ணன் தெறந்து வச்சாரு. அந்தக் காலத்துல 15 லட்சம்னா என்ன பணம்னு யோசிச்சுப் பாரு, மழையில்லாத வானம் பாத்த சீமையில, ஒரு பாடத்துக்காக. அங்கயே இன்ஜினியரிங் படிப்பும் இருக்கு, பக்கத்துலயே அழகப்பா யுனிவர்சிட்டியும் இருக்கு. அப்பாவக் கூட்டிட்டு நேர்ல போயி விசாரி, அட்மிஷன் எப்படின்னு அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துக்க.

பாடம் கஷ்டம்ங்கிற, உங்கப்பா பட்டறையில இருக்கிற தொட்டிதான் உன் பாடம். கரண்ட்ட அணு மாதிரி எண்ணலாம்ங்கிறதுதான் ஃபாரடே சொன்ன விஷயம். ஒரு மோல் எலக்ட்ரான் போகணும்னா 96,485 கூலும் வேணும், கணக்குக்கு 96,500-ன்னு வச்சுக்க. கூலும்னா ஒரு ஆம்பியர் கரண்ட்டு ஒரு செகண்டுல கொண்டு போற மின்சுமை. ஒரு ஆம்பியர் கரண்ட்ட 965 செகண்டு விட்டா, அதாவது 16 நிமிஷம், 0.01 மோல் எலக்ட்ரான் போயிருக்கும். வெள்ளி அயனிக்கு ஒரு எலக்ட்ரான்தான் வேணும், அதனால 0.01 மோல் வெள்ளி, 1.08 கிராம் படியும். செம்புக்கு ரெண்டு எலக்ட்ரான் வேணும், அதனால அதே நேரத்துல 0.005 மோல்தான், 0.32 கிராம் சுமாரா. கரண்ட்டு அதேதான், நேரமும் அதேதான், படியிற எடை மட்டும் ஏன் வேறன்னு இப்ப சொல்லு பாப்போம்? சாமான மைனஸ்ல, அதாவது கேத்தோடுல மாட்டுவாங்க, ப்ளஸ்ல, அதாவது ஆனோடுல இல்ல, ஏன்னா உலோக அயனி ப்ளஸ், அது மைனஸ் பக்கம்தான் ஓடும். கேத்தோடு, ஆனோடு குழப்பம் இதோட தீரும். அப்பாட்ட ஆம்பியர் மீட்டர்ல எவ்ளோ வைக்கிறாங்க, எத்தன நிமிஷம் விடுறாங்கன்னு கேட்டு நோட்டுல எழுதிக் கணக்குப் போடு, முன்னாலயும் பின்னாலயும் நகைய நிறுத்துப் பாரு. தங்கத் தொட்டியில கைய மட்டும் விடாத, அதுல பெரும்பாலும் சயனைடு உப்பு இருக்கும், அப்பாவையும் கையுறை போடாம வேலை பாக்க வேண்டாம்னு சொல்லு.

கேள்வி: மழைக்காலத்துல கல் உப்பு கசியுது, பாக்கெட் உப்பு கசியல. ரெண்டும் என்ஏசிஎல்-தானே?
— 8-ஆம் வகுப்பு மாணவன், கொத்தமங்கலம்

பதில்: சுத்தமான என்ஏசிஎல் அவ்ளோ சீக்கிரம் கசியாதுப்பா, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டினாதான் அது தண்ணிய இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல் உப்புல கடல் தண்ணியில இருந்து வந்த மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கும், அதுக்கு 33 சதவீதமே போதும், வெயில் காலத்துலயே இழுக்கும். பாக்கெட் உப்புல அதச் சுத்தம் பண்ணி எடுத்துட்டு, ஒட்டாம உதிரியா இருக்கக் கொஞ்சம் பொடியும் சேக்கிறாங்க. ரெண்டு உப்பையும் பத்துப் பத்துக் கிராம் நிறுத்து ரெண்டு தட்டுல வச்சு அடுப்படி ஜன்னல்ல வை, மூணு நாளைக்குத் தெனம் காலைல அதே நேரத்துல எடை போட்டு, மழை பெஞ்சுச்சா இல்லயான்னும் பக்கத்துல எழுது. எழுதுன தாளு அப்படியே எனக்கு வரட்டும், அடுத்த மாசம் உன் கணக்க வச்சே மிச்சத்த எழுதறேன்.